மாமியாரா, மருமகளா? பழைய கல்லச்சுப் படங்கள் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் போன வருடம் ஒரு கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்தது) வாங்கினேன். பிரான்சில் பூர்-கான்-பிரெஸ் நகரின் புரூ தேவாலயத்துக்குள் இருக்கும் கல்லறை. வரைந்தவர் பானிங்டன், 25 வயதில் இறந்துபோன ஆங்கிலேய ஓவியர். "அந்தத் தேவாலயத்தைக் கட்டிய ராணியின் கல்லறை, சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நம்பி, சட்டம் போட்டு மாட்டினேன்.

அந்தத் தாள் ஒரு புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்தது. அந்தப் புத்தகத்தின் முழுத் தொகுதி ஒன்றை நூலகத்தில் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. படத்தில் இருப்பவர் கட்டியவர் இல்லை, அவருடைய மாமியார். (ராணி என்பதும் தப்பு, அது போகட்டும்.) இரண்டு பேருக்கும் ஒரே பெயர், மார்கரெட். வேட்டையில் அடிபட்ட கணவர் பிழைத்தால் மடம் கட்டுவதாக மாமியார் நேர்ந்துகொண்டார். கணவர் பிழைத்தார், இவரோ நேர்த்திக்கடனைத் தீர்க்காமலே 1483-இல் இறந்தார். மகன் ஃபிலிபெர் 1504-இல், 24 வயதில் போய்விட, அவருடைய மனைவி ஆஸ்திரியாவின் மார்கரெட் அந்தக் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். 1506-இல் தொடங்கிய வேலை 1532-இல் முடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே அவரும் இறந்துவிட்டார். கட்டி முடித்த தேவாலயத்தை அவர் பார்க்கவே இல்லை. மாமியார், மகன், மருமகள் மூவருக்கும் அங்கேதான் கல்லறை.

இவ்வளவும் என் தாளிலிருந்து கழன்று போயிருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர்களான டெய்லரும் நோடியேயும் பழைய பிரான்சைப் பற்றி, வட்டாரம் வட்டாரமாக, 1820-இல் நார்மண்டியில் தொடங்கி வெளியிட்ட பெருந்தொகுதிகளில் படமும் எழுத்தும் சேர்ந்தே வந்தன. புத்தகமாக விற்றால் ஒரு விற்பனை, தாள் தாளாகப் பிரித்தால் நூறு விற்பனை. உங்கள் கணக்கு புரிகிறது. வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பிரித்ததோடு விட்டார்களா? சட்டத்தின் அளவுக்காக ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். செப்புத்தகட்டுப் படமென்றால் தகடு அழுந்திய தடமாவது தாளில் இருக்கும். கல்லில் மெழுகுக் கோலால் வரைந்து எடுத்த படத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தலைப்பு, ஓவியர், அச்சகம் எல்லாம் அந்தக் கீழ் ஓரத்தில்தான்.

முழுதாக இருக்கும் தொகுதிகளைத் தயவுசெய்து இனி பிரிக்காதீர்கள். ஏற்கெனவே பிரிந்தவற்றின் ஓரத்தில் கத்தரி வைக்காதீர்கள். எந்தத் தொகுதி என்று பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

என் தாளின் பின்னால் நானே எழுதிவிட்டேன்: "பூர்பனின் மார்கரெட். மாமியார்."