கொல்லிமலைக்கு வருமுன், அம்மிணி

நாமக்கல்

அன்புள்ள அம்மிணி,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆனால் இது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. காலையில் எழுந்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வைத்துவிட்டுப் போன காபி ஆறிக் கிடக்கிறது.

நீ இரண்டு சம்பவம் சொன்னாய். மழையில் பழைய மகாபலிபுரம் சாலையில் போகும்போது முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது, நீ பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாய். சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தும் நேராகவே வழுக்கிக்கொண்டு போய், ஆட்டோவை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அது ஒன்று. அதற்கு முந்தின மாதம் வெளியூர் போய்விட்டு 18 நாள் கழித்து வந்து காரை எடுத்தால், பின் சக்கரம் அசையவே இல்லை. இரண்டையும் நீ "பிரேக் ஜாம்" என்றே சொன்னாய். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய். ஒன்று, மிதித்ததால் சக்கரம் பூட்டிக்கொள்வது. மற்றது, காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

முதலாவதைச் சொல்கிறேன். பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று நினைக்கிறோம். பிரேக்கால் சக்கரத்தின் சுற்றைத்தான் குறைக்க முடியும். வண்டியை நிறுத்துவது ரோடு. அந்த ரோட்டை டயர் பிடித்திருக்கிற இடம் சக்கரத்துக்கு ஒரு உள்ளங்கை அளவுதான். சக்கரம் உருளும்போது டயர் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டில் பதிந்து, பிடித்து, எழுந்து போகிறது, நாம் காலை ஊன்றி ஊன்றி நடக்கிற மாதிரி. சக்கரம் அடியோடு நின்றுவிட்டால் டயரின் ஒரே இடம் ரோட்டில் தேய்ந்துகொண்டு இழுபடும். பிடிப்பு அப்போதே குறைந்துபோகும், ஈர ரோடாக இருந்தால் இன்னும் குறையும். பாசி பிடித்த கிணற்றுப் படியில் கால் வழுக்கின பிறகு எவ்வளவு அழுத்தி ஊன்றினாலும் நிற்குமா? அதே கதைதான்.

ஸ்டியரிங் கேட்காததும் இதனால்தான். உருளுகிற சக்கரம்தான் திருப்பின பக்கம் போகும். இழுபடுகிற சக்கரத்துக்கு இடதும் கிடையாது, வலதும் கிடையாது. வண்டி எந்தப் பக்கம் பாய்ந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போகும். நீ ஏதோ தெரியாமல் செய்துவிட்டதாக நினைத்து மருகாதே, கண்ணு. அந்த நேரத்தில் யாருடைய காலும் அப்படித்தான் மிதிக்கும். என் காலும் மிதித்திருக்கிறது.

1996-ல், நீ மூன்று மாதக் குழந்தை. தும்கூர் தாண்டி, லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். விடியற்காலை, தூறல். ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. லோடு வண்டியை மிதிக்கிற பழக்கத்திலேயே மிதித்துவிட்டேன். லோடு இருந்தால் அந்த மிதிக்குப் பின் சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடித்திருக்கும். எடை இல்லாததால் பின் சக்கரங்கள் உடனே பூட்டிக்கொண்டன. முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேராகப் போகும், பின் சக்கரம் பூட்டினால் வால் முன்னால் வரப் பார்க்கும். லாரியின் பின்பக்கம் அப்படியே சுழன்று, ரோட்டோரப் புளியமரத்தில் சாய்ந்து நின்றது. கிளீனர் பையனுக்குப் பேச்சே வரவில்லை. மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். இதை உன் அம்மாவிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னேன். உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

சரி, இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். உன்னுடையது 2013 மாடல், ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு, இல்லாதது. 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் நம் நாட்டில் விற்கிற எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம் ஆனது. அது இல்லாத காரில் அந்த வேலையை உன் கால் செய்ய வேண்டும். முதலில் மெதுவாக அழுத்தி வண்டியின் எடையை முன்பக்கம் சாய விடு, அப்புறம் அழுத்தத்தைக் கூட்டு. டயர் கிறீச்சிட்டாலோ ஸ்டியரிங் லேசாகிப் போனாலோ சக்கரம் பூட்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது காலை முழுக்க எடுத்துவிடாதே. சக்கரம் மறுபடி உருளுகிற அளவுக்கு மட்டும் தளர்த்தி, மறுபடி அழுத்து. ஒதுங்க வேண்டுமானால் தளர்த்தின அந்த நொடியில்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பயத்தில் கால் இறுகும்போது தளர்த்துவது மனசுக்கு எதிரான வேலை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத பெரிய மைதானமாகப் பார்த்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்துத் தடவை செய்து பார். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, காலுக்குத் தெரிவது வேறு.

மாப்பிள்ளையின் புதுக் காரில் ஏபிஎஸ் இருக்கிறது. அதில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருந்து, சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. நம் காலால் அந்த வேகம் முடியாது. அப்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது, பம்ப் அடிக்கிற மாதிரி விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. அழுத்தின கால் அழுத்தினபடியே இருக்க, ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் காரை மாற்றி மாற்றி ஓட்டுவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைச் சாவி போடும்போதே மனசில் வைத்துக்கொள்ளச் சொல்.

எவ்வளவு பழகினாலும் இடைவெளி இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும். நீ ஆட்டோவைப் பார்த்து, கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போயிருக்கும். பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரமும் வேகத்தோடு சமமாக ஏறுவதில்லை, 40-லிருந்து 80 ஆனால் நாலு மடங்கு. வெயில் காலம் முடிந்து விழுகிற முதல் மழையில் ரொம்ப ஜாக்கிரதை. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் சேறு மாதிரி மேலே வரும். டயர் பட்டனையும், அதாவது டயரின் மேல் வரிகள் தேயாமல் இருக்கிறதா என்றும் பார். சட்டப்படி அந்த வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடு, பணத்தைப் பற்றி யோசிக்காதே, நான் அனுப்புகிறேன்.

இனி இரண்டாவது நோய். உன் காரில் பின்பக்கம் டிரம் பிரேக், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மின் உள்பக்கம் ஷூ என்கிற கட்டைகள் அழுந்தி நிறுத்துகிற வகை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு 18 நாள், அதுவும் மழையில் விட்டிருக்கிறாய். உள்ளே ஈரம் இறங்கி, ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொண்டன. நீ ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்ததும் 'படார்' என்று சத்தம் வந்து விட்டுக்கொடுத்ததாகச் சொன்னாய். இனிமேல் அப்படிச் செய்யாதே, ஷூவில் ஒட்டியிருக்கிற லைனிங் பெயர்ந்து வந்துவிடும். முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி மெதுவாக ஆட்டிப் பார். விடவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிரம்மைத் தட்டி எடுக்கச் சொல். நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடு.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொள்கிற பிரேக் இன்னும் ஆபத்து. கார் ஒரு பக்கமாக இழுக்கும், மைலேஜ் குறையும், நியூட்ரலில் விட்டால் உருளாமல் உடனே நிற்கும், நிறுத்தி இறங்கினால் ஒரு சக்கரத்தில் மட்டும் தீய்ந்த வாடை வரும். கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரியும், தொட்டுப் பார்க்காதே. தண்ணீரும் ஊற்றாதே, சூடேறின டிஸ்க், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கிற தட்டு, கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். ஓரம் கட்டி, ஆற விட்டு, ஆளைக் கூப்பிடு. காரணம் பல இருக்கும். டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிப்பரில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், கேலிப்பர் நகருகிற பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே ஊதி அடைத்துக்கொண்டு போன ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் ஆயிலை வெளியே விடுகிற பிளீடிங் நிப்பிளைத் திறந்து பார்ப்பார். ஆயில் பீய்ச்சி, உடனே சக்கரம் சுற்றினால் கோளாறு ஹோஸிலோ, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலோ. அப்படியும் சுற்றவில்லையென்றால் கேலிப்பரில். இதைப் பார்க்காமலே "எல்லாவற்றையும் மாற்றணும்" என்று சொன்னால் எனக்கு ஒரு போன் போடு.

நம் தெருவில் ஒருவர் காருக்கு நடந்ததையும் எழுத வேண்டும். பட்டறைப் பையன் ஒருவன் பிரேக் ஆயில் டப்பா குறைந்திருக்கிறதே என்று கையில் இருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டான். அது பிரேக்கின் ரப்பர் வாஷர்களுக்கு ஆகாது, ஊதவைத்துவிடும். ஊதின ரப்பர் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்புகிற துளையை மூடிக்கொண்டது. இரண்டே நாளில் நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு கார் நடு ரோட்டில் நின்றது. உள்ளே இருக்கிற ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டி வந்தது. அதனால் அந்த டப்பாவில் யார் எதை ஊற்றினாலும் பக்கத்தில் நின்று பார். மூடியில் ஆயிலின் வகை டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம்தான் உள்ளே துருவையும் உண்டாக்குகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றிவிட வேண்டும். இந்தக் காரை நீ வாங்கியே மூன்று வருஷம் ஆகிறது. மாற்றினாயா?

ஆடி 18-க்கு எல்லாரும் கொல்லிமலை போகலாம் என்று சொன்னாய். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு, சின்ன வயசில் என் மடியில் உட்கார்ந்து நீ எண்ணிக்கொண்டே வருவாய். ஏறுவதில் பயம் இல்லை, இறங்குவதில்தான். நியூட்ரலில் விடவே கூடாது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன்னால் அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுக்க விடு. விட்டால்தான் பிரேக் ஆறும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், ஈரம் ஏறினது 140-லேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குமிழி விழுந்து பெடல் தரைக்குப் போய்விடும். அடிவாரம் வந்ததும் சூடேறின டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்காதே. ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் போட்டு, கல் கொடு.

கிளம்புகிறதுக்கு ஒரு வாரம் முன்னால் காரைப் பட்டறையில் விட்டு நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல். பேட், ஷூ, ஹோஸ், கேலிப்பர் பின், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஆயில். பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாப்பாவைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வை, மடியில் வேண்டாம். அந்தக் காலத்தில் நான் உன்னை மடியில் வைத்து ஓட்டினது தப்பு.

காரவள்ளியில் நான் நிற்கிறேன். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். இறங்கும்போதும் நீதான் ஓட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா