கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும்

கொழிஞ்சாம்பாறை,
ஆனி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். நான் வர முடியாமல் போனதற்கு இந்தக் கட்டிடம்தான் காரணம். "காலேஜ் கட்டிடம்தானே, நாலு கிளாஸ் ரூம், ஒரு வராண்டா, இதற்கு எதற்கு இரண்டு வருஷம்?" என்று கேட்டிருந்தாய். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கெமிஸ்ட்ரி லேப் கட்டுவது வேறு வேலை, சண்முகம். வகுப்பறைக்கு 11 அடி உயரம் போதும். லேபுக்கு 14 அடி கேட்கிறார்கள். ஆசிட் ஆவி வரும் வேலையை எல்லாம் பியூம் ஹுட் என்ற கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். அதன் வாய் வழியாகக் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றைத் திரும்ப அறைக்குள் விடக்கூடாது. அத்தனையும் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும், அதே அளவு புதுக்காற்று உள்ளே வர வேண்டும். அந்தக் குழாய்களுக்குத்தான் கூடுதல் உயரம்.

எங்களுக்கு வந்த முதல் வரைபடத்தில் குழாய் ஏறுவதற்கு வழியே விடவில்லை. முதல் மாடி ஸ்லாப் போட்ட பிறகுதான் தெரிந்தது. கணக்குப் பார்த்து, அடியில் கூடுதல் பீம் கொடுத்து, ஸ்லாபில் வட்டமாக ஓட்டை போடும் கோர் கட்டிங் மெஷினை இறக்கினோம். சாம்பல் நிறச் சேறு வழிந்தோட, கான்கிரீட் உருளையாகக் கழன்று வந்தது. அதன் ஓரத்தில் வெட்டுப்பட்ட 12 எம்எம் கம்பி பளபளவென்று தெரிந்தது. நானே பக்கத்தில் நின்று கட்டவைத்த கம்பி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அகமதாபாத் ஐஐஎம் கட்டிடத்தை வடிவமைத்த லூயி கானுக்கே இப்படி ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. பிலடெல்பியாவில் அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் வெயில் கண்ணைக் கூச, விஞ்ஞானிகள் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க்கோடு உட்கார்ந்து பேசிப் பேசி, கலிபோர்னியாவில் சால்க் நிலையத்தைக் கட்டினார். 1965இல் முடிந்தது. ஒவ்வொரு லேப் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் தனித் தளம் விட்டார். அங்கே வேலை செய்யப்போகிறவர்களை முதலிலேயே கேட்டிருந்தால் நானும் அந்தக் கம்பியை வெட்டியிருக்க வேண்டாம்.

இரண்டாம் மாடிக்கு முன்னால் கேட்டேன். பழைய லேபில் முப்பது வருஷம் இருந்த அசிஸ்டென்ட் அண்ணன் என்னை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். மார்கழி மாதம். கிழக்கே இருந்து கீழ்காற்று. புகை நேராக ஏறாமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மடங்கி, கீழே ஜன்னலுக்குள் போனது. "மார்கழி, தை முழுக்க இந்த நாற்றம் உள்ளேதான் தம்பி. ஆனி, ஆடியில் வராது" என்றார். எங்கள் ஊர் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். மழைக்காலத்தில் மேற்கே இருந்து மேல்காற்று, பனிக்காலத்தில் கீழ்காற்று. ஒரு திசையை மட்டும் நம்பிப் புகைபோக்கி வைத்தால் பாதி வருஷம் வினைதான். செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றைப் பார்த்தவன் நீ, உனக்குத் தெரியாததா?

புதுக்காற்று எடுக்கும் வாயை வடக்குச் சுவருக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். புகைபோக்கிகளை மாடியின் நடுவில் சேர்த்து வைத்தோம். 3 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பார்கள், நாங்கள் நாலரை மீட்டர் ஏற்றியிருக்கிறோம். போன வாரம் மேல்காற்றில் பார்த்தபோது புகை சுத்தமாக மேலே போனது.

கீழ்காற்றில்தான் இன்னும் பார்க்கவில்லை. மார்கழியில் இரண்டு நாள் வந்து தங்கு. ஊதுபத்தியோடு மாடிக்குப் போகலாம். தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
வேலுச்சாமி