சாவியைப் பற்றி, மகனுக்கு

அன்புள்ள மகனே,

நீ பேசி நாற்பது நாளாகிறது. ரஷ்யாவில், கிராஸ்னதாரில் உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. யார் நீட்டினாலும், எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும், பட்டாளத்தில் சேர்க்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

இங்கே ஆர்மேனியாவில், மாசிஸில் எல்லோரும் சுகம். வாடகையை மறுபடி கூட்டிவிட்டார்கள். அம்மா சந்தைக் கீரையை வைத்து ஜெங்கியாலோவ் ஹாட்ஸ், நம் கீரை ரொட்டி, சுட்டாள்; நம் கராபாக் மலைக் கீரையின் வாசனை இல்லை என்று பாதியில் எழுந்துவிட்டாள். 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஆர்மேனியத் தலைவர் பாஷினியானும் அஸர்பைஜான் தலைவர் அலியேவும் கை குலுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சண்டை ஓய்ந்தால் நல்லதுதான். ஆனால் நாம் வீடு திரும்புவதைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. அன்று இரவு அம்மா துணி முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

2020-இல் அஸர்பைஜானுடன் நடந்த போரின் 44 நாளும் நீ முன்வரிசையில் நின்றாய். கடைத்தெருவில் உன்னை விசாரித்தவர்களிடம் நான் மார் நிமிர்த்திப் பேசினேன். 2023 செப்டம்பரில் ஊரை விட்டு ஓடி, ஆர்மேனிய எல்லையோரக் கோரிஸ் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆயிற்றே, அப்போது பக்கத்து வீட்டுக் கிழவியைக் குழந்தைபோல் தூக்கிச் சுமந்தவன் நீ. பெற்ற தகப்பனுக்கு மட்டும் ஒரு சொல் பேச முடியவில்லையா? நீ போருக்குப் போகத் தயங்கியதை நான் மறக்கவில்லை. "நம் வாசலை நாம் காக்காமல் யார் காப்பது?" என்று கேட்டு அனுப்பியவன் நான்தான்.

அந்த வாசல் கதவு நம்முடையது இல்லை, மகனே.

நீ பிறந்த 1992-இல் நாம் நம் ஊரான ஸ்தெபானகெர்ட்டில் நிலவறையில் இருந்தோம். அஸர்பைஜானியர் கையில் இருந்த மலை நகரம் ஷுஷியிலிருந்து வந்து விழுந்த ராக்கெட் வீட்டின் முன்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. மறு வருடம் ஜூலையில் அஸர்பைஜானியரின் அக்தம் நகரம் நம் படைகளிடம் விழுந்தது. அஸர்பைஜானியர் ஒருவர் மிச்சமில்லாமல் ஓடிவிட்டார்கள். ஸ்தெபானகெர்ட்டிலிருந்து லாரி லாரியாகப் போய் ஓடு, ஜன்னல், குழாய் என்று பெயர்த்து வந்தார்கள். நானும் போனேன். ஒரு வீட்டில் நீலச் சாயம் பூசிய கதவு நன்றாக இருந்தது. பூட்டியிருக்கவில்லை. உடைக்காமல் திறந்துகொள்ளட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே அடுப்பின் மேல் தேநீர்ப் பாத்திரம் இருந்தது. நான் கீல்களைக் கழற்றினேன்.

கடையில் வாங்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் அதைத் திறந்து மூடினேன். கடைசி நாள் அம்மா தரையைக் கழுவிவிட்டு அதைப் பூட்டினாளே, அப்போதும் வாய் திறக்கவில்லை. அவள் எண்ணெய் போட்டுத் துடைப்பது அக்தத்தில் யாரோ ஒருத்தியின் சாவி.

அந்தக் கதவின் பேரைச் சொல்லி உன்னை அனுப்பினேன். இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கையெழுத்து எதுவும் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் அதையும் சொல், திட்ட மாட்டேன். ஞாயிறு முழுவதும் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அப்பா