பெங்களூரில் இருக்கும் என் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் போனில் ஒரு வார்த்தை சொன்னாய்: "ஐடி வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன மாமா இருந்துச்சு? ரிடையர் ஆனவங்க ஊர்தானே?" அல்சூரில் வீடு எடுத்துக்கொண்டு, மூலைக்கடையில் தமிழிலேயே பால் வாங்கிக்கொண்டு, இப்படிக் கேட்கிறாயே என்றுதான் இந்தக் கடிதம். உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

1799இல் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அங்கேயே தங்கியது. காவிரிக்கு நடுவே தீவு, கொசு, மலேரியா. சண்டையே இல்லாமல் சிப்பாய்கள் சாக ஆரம்பித்தார்கள். 1809இல் படையை மேட்டுநிலமான பெங்களூருக்கு மாற்றினார்கள். ஆனால் கெம்பே கௌடா அமைத்த பழைய பேட்டைக்குள் அது போகவில்லை. சில மைல் தள்ளி, அல்சூர் ஏரிப் பக்கம் தனியாகக் கூடாரம் அடித்தது. நீ இப்போது வாடகை கொடுக்கும் இடம் அதுதான்.

முதலில் பரேட் மைதானம். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வந்தது. எம்.ஜி. ரோட்டுக்கு அப்போது சவுத் பரேட் என்று பெயர், மைதானத்துக்குத் தெற்கே ஓடுவதால். மெட்ரோவில் போகும்போது ஜன்னல் வழியே பார்: ஒரு பக்கம் கடை வரிசை, இன்னொரு பக்கம் மானெக்‌ஷா மைதானம். அந்தப் பரேட் மைதானத்துக்கு இன்றைய பெயர்தான் அது. இந்த ஒருபக்கத் தெரு எந்த நகரத் திட்டமும் போட்டதில்லை, கவாத்து போட்டது. பிரிகேட் ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு என்று பெயர்களிலும் பட்டாளம்தான். கேவல்ரி ரோடு பிற்பாடு காமராஜ் ரோடு ஆகிவிட்டது. குதிரைப்படைக்குப் பதில் காமராஜர். எனக்குச் சம்மதம்தான்!

சரி, இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஊரை உண்டாக்கியது சிப்பாய் இல்லை, சிப்பாய்க்குப் பின்னால் வந்தவன். ரெஜிமெண்டுகள் சில வருஷம் இருந்துவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். சமையல்காரன், குதிரைக்காரன், புல் வெட்டுகிறவன், சலவைக்காரர், தையல்காரர், கறிக்கடைக்காரர், கொத்தனார், இவர்கள் கிளம்பவில்லை.

எத்தனை பேர் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 1896இல் இங்கே வந்த வின்ஸ்டன் சர்ச்சில், அப்போது வெறும் லெப்டினன்ட், இரண்டு நண்பர்களோடு ஒரு பங்களாவில் இருந்தார். தன் வேலைக்காரர்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பட்லர், உடை உடுத்திவிட இரண்டு பையன்கள். மூவருக்கும் பொதுவாக இரண்டு தோட்டக்காரர்கள், தண்ணீர் சுமக்க மூன்று பிஸ்திகள், நான்கு டோபிகள், ஒரு காவலாள். பத்தொன்பது பேர் ஆயிற்றா? இதில் ஒவ்வொரு குதிரைக்கும் இருந்த குதிரைக்காரனை இன்னும் சேர்க்கவில்லை. கல்யாணம்கூட ஆகாத மூன்று பையன்களுக்கு இத்தனை பேர்! இப்படி எத்தனை பங்களாக்கள், எத்தனை பாரக்குகள் என்று நீயே பெருக்கிக்கொள். (அந்த ஆள் கிளப்புக்குப் பதின்மூன்று ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு பெங்களூர் கிளப் என்று சொல்கிறோமே, அங்கேதான். வராக்கடன் என்று பேரேட்டில் ஏறியிருக்கிறது.)

வந்தது மெட்ராஸ் ராணுவம் என்பதால் பின்னால் வந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் இன்னும் பல ஜில்லாக்களிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் குடியேறிய பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். செயின்ட் மேரீஸ் மாதா கோவில் திருவிழாவில் தமிழ்ப் பாட்டு கேட்பதும், பக்கத்தில் தண்டு மாரியம்மன் கோவில் கொண்டிருப்பதும் அந்த வழியில்தான். எல்லோரும் ஏழைகளாகவே இருந்துவிடவில்லை. ஆற்காடு நாராயணசாமி முதலியார் வியாபாரத்திலும் ஒப்பந்த வேலையிலும் சம்பாதித்து 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்றும் உன் ஏரிக்கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களை ராணுவத்தில் எல்லோரும் கூப்பிடுவது 'தம்பி' என்று.

இப்படி ஒரே பெயரில் இரண்டு ஊர் ஆனது: ஒன்று பழைய பேட்டை, இன்னொன்று கண்டோன்மென்ட் என்ற இந்தப் பட்டாள ஊர். 1862இல் ஆளுக்கொரு நகராட்சி. 1864இல் மெட்ராஸ் பக்கமிருந்து ஜோலார்பேட்டை வழியாக வந்த முதல் ரயில் கண்டோன்மென்டுக்குத்தான் வந்தது, பேட்டைக்கு இல்லை. இடையில் 1870இல் கப்பன் பார்க். அழகான பூங்காதான், ஆனால் இரண்டு ஊரும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது நன்றாகவே உதவியது. 1881இல் மைசூர் அரசை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோதும் கண்டோன்மென்டைப் பிரிட்டிஷார் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பூங்காவைத் தாண்டினால் ஆட்சியே வேறு. 1947இல்தான் அது திரும்பி வந்தது, 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. கன்னடமா தமிழா என்று இந்த ஊரில் அவ்வப்போது சூடு கிளம்புகிறதே, அதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிவினை என்பது என் அபிப்பிராயம். ஒரு பக்கம் வளர்ந்த மொழிகளும் வேலைகளும் அடுத்த பக்கத்துக்கு வெகுகாலம் அந்நியமாகவே இருந்தன.

உன் ஐடிக்கு வருகிறேன். 1940இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. இதைக் கண்டோன்மென்ட் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, வால்சந்த் ஹீராசந்தோடு சேர்ந்து மைசூர் சமஸ்தானம் பணம் போட்டது. ஆனால் போர் நடந்தது, விமானம் பழுது பார்க்க ஆள் பழகினார்கள். அப்புறம் ராணுவத்துக்கு ரேடியோவும் ராடாரும் செய்ய 1954இல் பி.இ.எல். என்கிற பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதைச் சுற்றி ஆராய்ச்சிக் கூடங்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி இங்கே கடை விரித்தபோது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். ரிடையர் ஆனவர்கள் ஊர் என்றாயே, ரிடையர் ஆகுமுன் அவர்களில் பலர் பார்த்த வேலை இதுதான்.

ராணுவ நிலம் நடுவில் இருப்பதால் ரோடு போட முடியவில்லை என்று உன் ஆபீஸில் புலம்புவார்கள். உண்மைதான், ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மதிலுக்குள் இருக்கும் மரங்களை ரியல் எஸ்டேட்காரர்கள் கையில் கொடுத்திருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா? நான் மதில் பக்கம். நீ டிராஃபிக்கில் நிற்கிறவன், உனக்கு வேறு மாதிரி தோன்றலாம். தீபாவளிக்கு வரும்போது சண்டை போடுவோம்.

அன்புடன்,
மாமா