நீ கேட்ட கறி ருசி

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை கதைக்கேக்க, "அம்மா இடிச்சு அனுப்பின தூளைத்தான் போடுறன் அப்பா, எண்டாலும் எங்கட வீட்டுக் கறி மாதிரி வருதில்லை" எண்டு சொன்னாய். போனில ஆறுதலாச் சொல்ல நேரம் காணேல்லை. அதுதான் எழுதுறன்.

தூள் நல்ல தூள், பிள்ளை. நீ ஊத்துற எண்ணெயைத்தான் மாத்தவேணும். படம் அனுப்பினியே, அந்தப் போத்தல் சீனச் சமையலுக்கு விக்கிற எண்ணெய். எள்ளை நல்லா வறுத்துப் பிழியிறபடியால்தான் அந்தக் கடும் நிறமும் வறுத்த வாசமும். எங்கட கத்தரிக்காய்க்கு அது ஒத்துவராது. எங்கட எள்ளு வெயிலில காஞ்சு நேர செக்குக்குப் போறது. அங்க இந்தியக் கடையளில செக்கு நல்லெண்ணெய் கேட்டு வாங்கு. தமிழ்நாட்டில கருப்பட்டியும் போட்டு ஆட்டுவினம், அதுவும் நல்லம். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு மணந்து பார். பச்சை எள்ளு மணக்கவேணும்.

இந்தச் சிறுபோகத்துக்கும் மேட்டுக்காணியில எள்ளுத்தான் போட்டனாங்கள். நெல்லுக்குத் தண்ணி காணாத இடத்தில எள்ளு நிண்டுபிடிக்கும். மூண்டு மாதத்தில அடிக்காய் பழுக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து வெட்டிப்போடவேணும். பிந்தினால் காய் வெடிச்சு மணியெல்லாம் மண்ணுக்க போயிடும். இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற எண்ணெயைப் புகைய விட்டுக் கெடுக்கக்கூடாது, என்ன?

கடுகு வெடிச்ச உடன வெங்காயத்தைப் போட்டுடு. குழம்பு வத்தினாப் பிறகு அடுப்பை நூத்துப்போட்டு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைப் பச்சையா மேலால சுத்தி விட்டு மூடி வை. கொஞ்ச நேரம் திறக்காத. கொம்மா நெடுக செய்யிறது இதுதான். நீ தேடுற ருசி அந்தக் கடைசிக் கரண்டிக்கதான் கிடக்கு.

வறைக்கும் பொரியலுக்கும் தேங்காயெண்ணெய். 24 பாகைக்குக் கீழ போனால் அது உறையும். உங்கட குளிருக்குக் கட்டிபட்டாப்போல பழுதாப்போச்செண்டு எறிஞ்சுபோடாத. போத்தலைச் சுடுதண்ணிக்க வைச்சால் இளகிடும். உன்ர அப்பப்பா காலத்தில இலுப்பெண்ணெயிலயும் சமைச்சவை. இப்ப அதைக் கோயில் விளக்குக்குத்தான் காணலாம்.

மீன் குழம்புக்கு வினாகிரி விடுறன் எண்டாய். வேண்டாம், மோனை. முல்லைத்தீவுப் பாரை எண்டாலும் அங்கத்தைய ஐஸ் மீன் எண்டாலும் குழம்புக்குப் பழப்புளிதான். வினாகிரியை அச்சாறுக்கும் இறைச்சி ஊறவைக்கவும் வைச்சுக்கொள். கடுகு, உள்ளி, இஞ்சியை வினாகிரி விட்டே பட்டுப்போல அரைச்சு, உப்பும் சீனியும் சேர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட்டில பிரட்டி வை. ரெண்டு நாள் ஊறினால்தான் காரமும் புளிப்பும் சேரும். அலுமினியச் சட்டியில மட்டும் செய்யாத, புளிப்பு சட்டியை அரிக்கும். கண்ணாடிப் போத்தல் நல்லம்.

வாங்கேக்க லேபிளைப் பார். அசற்றிக் அமிலத்தைத் தண்ணியில கலந்து விக்கிறதில வெறும் புளிப்புத்தான் இருக்கும். தென்னங்கள்ளு புளிச்சு வாற வினாகிரி பிலிப்பைன்ஸ் ஆக்களின்ர கடையளில கிடைக்கும், அதை வாங்கு.

இந்த முறை எள்ளை ஆட்டி உனக்கெண்டு ரெண்டு போத்தல் எடுத்து வைச்சிருக்கிறன். மார்கழி லீவுக்கு ஆர் இங்கால வருகினம் எண்டு விசாரிச்சுச் சொல்லு. மூடியை இறுக்கி ரேப் ஒட்டிக் குடுத்துவிடுறன்.

அன்புடன்,
அப்பா