கம்பால் தள்ளினால் ஓடும் ஃபேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் வந்தால் நுங்கு, மோர், பருத்தி உடை என்று குறிப்புகள் போடுகிறீர்கள், சரி, கொஞ்சம் ஃபேனைப் பற்றியும் போடுங்கள். போன வாரம் எங்கள் வீட்டு ஃபேன் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது, ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மட்டும் ஓடியது. வந்து பார்த்தவர் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) போய்விட்டது, ரீவைண்டிங்குக்கு, அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்ற, 900 ரூபாய் ஆகும் என்றார். கடைசியில் மாற்றியது 60 ரூபாய் கெப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி விடும் ஒரு சின்ன உறுப்பு!

தள்ளினால் ஓடுகிறதென்றால் மெயின் காயில் உயிரோடுதான் இருக்கிறது. சீலிங் ஃபேனில் செம்புக் கம்பி சுற்றிய நடுப்பகுதி அசையாது, இறக்கை மாட்டிய வெளிக்கூடுதான் சுற்றும், அதற்கு ஒரு ஒயர்கூடப் போவதில்லை. காந்தப்புலம் மாறினால் பக்கத்து உலோகத்தில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினாரே, அதேதான்: கூட்டிலுள்ள அலுமினியத்தில் மின்சாரம் தூண்டப்பட்டு, அதுவும் காந்தமாகி, நடுவில் சுழலும் காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

சிக்கல் என்னவென்றால், நம் வீட்டு சிங்கிள் பேஸ் மின்சாரம் ஒரே காயிலில் பாய்ந்தால் காந்தப்புலம் சுழலாது, நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். கால்மிதித் தையல் மிஷினை நினைத்துப் பாருங்கள். மிதியை மட்டும் அழுத்தினால் சில சமயம் சக்கரம் முரண்டு பிடிக்கும், கையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும், தப்பான பக்கம் தள்ளினாலோ பின்னால் சுற்றி நூலை அறுத்துவிடும். கெப்பாசிட்டர் செத்த ஃபேனும் தள்ளிய பக்கமே ஓடும் (எங்கள் வீட்டில் ஒருநாள் காற்று மேலே போனது). அந்தக் கை வேலையைச் செய்யத்தான் இரண்டாவது காயில் ஒன்றும் அதனோடு கெப்பாசிட்டரும். கெப்பாசிட்டரின் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். அது இரண்டாவது காயிலின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் முந்த வைப்பதால், இரண்டு காயில்களின் காந்தமும் மாறி மாறி உச்சத்துக்கு வந்து, காந்தப்புலம் வட்டமாகச் சுழல ஆரம்பிக்கிறது.

ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் அது பேரிங் கோளாறு, கெப்பாசிட்டரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம், உறுமிக்கொண்டு நிற்கும் ஃபேனின் ஸ்விட்சை அணைக்காமல் கடைக்குப் போய்விடாதீர்கள். மணிக்கணக்கில் அப்படியே நின்றால் காயில் சூடேறி நிஜமாகவே கருகிவிடும், பிறகு அந்த 900 ரூபாயைக் கேட்பவரிடம் சண்டை போட முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி