செவலையின் கழுத்துத் தடிப்பு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கோபப்பட்டாய். வயிறாரத் தின்று கறந்துகொண்டு நிற்கிற செவலை மாட்டுக்குக் காசநோய், எலும்பும் தோலுமாக இருமுகிற காரிக்கு ஒன்றுமில்லை, இது என்ன டெஸ்ட் என்றாய். உன் அம்மா பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருந்ததில் எனக்குச் சொல்ல வரவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த மாட்டு டாக்டர் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்தார். தோலை மடித்துப் பிடித்துக் கனத்தை அளந்துவிட்டு, தோலுக்குள்ளேயே 0.1 மில்லி ஊசி போட்டார். ஒன்றில் பறவைக் காசக் கிருமியின் சத்து, இன்னொன்றில் மாட்டுக் கிருமியின் சத்து. இந்தக் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் மண்ணிலெல்லாம் கிடக்குமாம். அவற்றைப் பார்த்துத் தடித்ததா, இதைப் பார்த்துத் தடித்ததா என்று பிரித்தறியத்தான் இரண்டு ஊசி. 72 மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார். செவலைக்கு மாட்டு ஊசி போட்ட இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தது.

ஊசி போட்டால் வீங்காதா என்று நானும் கேட்டேன். அவர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார். ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியை முன்பே பார்த்துப் பழகிய வெள்ளையணுக்கள் உடம்பில் இருந்தால்தான் அங்கே வந்து கூடும். கூடி முடிக்க மூன்று நாள் ஆகும். மூச்சோடு உள்ளே போன கிருமியை ஒரு செல் விழுங்கும், ஆனால் கிருமி சாகாமல் அந்தச் செல்லுக்குள்ளேயே குடியிருந்துவிடும். அப்போது இந்த வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்று ஒன்றைச் சுரந்து விழுங்கிய செல்லை உசுப்பிவிடும். எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றிக் கட்டிபோல அடைத்து வைக்கும். செவலை அந்தக் கட்டத்தில் இருக்கிறாள், அதனால் பார்வைக்குத் தெரியவில்லை.

காரி கதை வேறு. நோய் முற்றினால் அந்த அணுக்களே ஓய்ந்துபோகுமாம். ஊசி போட்டாலும் எழுந்து வர ஆளில்லை. கன்று போட்ட புதிதிலும் இப்படித் தடிக்காமல் ஏமாற்றுவதுண்டு. முற்றின மாட்டுக்கு, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்று காரிக்கு ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார். தடிக்கவில்லை என்றதும் உன் அம்மா கோயிலுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

நமக்குப் போடுகிற பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியை மாட்டுக்கும் போடலாமே என்று கேட்டேன். அதுவே மாட்டுக் கிருமியை வலுவிழக்க வைத்துச் செய்ததுதானாம். போட்டால் நல்ல மாடும் இந்த டெஸ்டில் தடித்துவிடும், அப்புறம் எதை நம்புவது என்று சிரித்தார்.

இரண்டையும் வடக்குச் சாளையில் தனியாகக் கட்டியிருக்கிறேன், தண்ணித் தொட்டியும் வேறு. அவற்றின் பால் சொசைட்டிக்குப் போவதில்லை. நானும் அம்மாவும் சளி டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இவ்வளவு எழுதியது வேறொன்றுக்காக. போன லீவில் பாப்பாவுக்குச் செவலைப் பாலைக் கறந்த சூட்டில் நுரையோடு டம்ளரில் கொடுத்தேன். காய்ச்சிக் கொடுங்கப்பா என்று நீ இரண்டு தடவை சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. இந்த வாரமே அவளைக் குழந்தை டாக்டரிடம் காட்டு. பச்சைப்பால் குடித்ததையும் செவலை விஷயத்தையும் மறைக்காமல் சொல். கழுத்தில் கட்டி மாதிரி ஏதாவது தென்படுகிறதா என்று இன்றைக்கே தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அப்பா